மிச்சத்தை அனுப்பு

என் வேலை ஒழுங்காக நடந்தால் நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. பிழை நடந்தால் மட்டும் எல்லோருக்கும் என் தொலைபேசி எண் ஞாபகம் வரும். மன்னாரில் கணினி வேலை பார்த்த அந்த வருடங்களில் இதை நான் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். என் அப்பா ஒரு கதை வைத்திருந்தார்: "அப்ப நீ தபால்கந்தோர் வேலைதானே பாக்கிறாய்." அதற்காக அவரோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். தபால்காரன் கதவைத் தட்டுவான், நான் தட்டவே மாட்டேன் என்று விளங்கப்படுத்துவேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கோயில் வளவுக்குப் பின்பக்கமாக இரண்டு அறைகளில் எங்கள் கந்தோர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சனங்களின் கையில் என்ன மிஞ்சியிருந்ததோ, படம், கடிதம், பிறப்புச் சான்றிதழ், பாட்டுக் கொப்பி, கசற், எதுவானாலும் அதற்கு ஒரு பிரதி எடுத்து வைப்பது எங்கள் வேலை. அசலை அவர்களிடமே கொடுத்துவிடுவோம். எல்லோரையும் மன்னாருக்கு வரச் சொல்ல முடியாது என்பதால் வெளியே மூன்று இடங்களில் மூன்று கணினிகள் வைத்திருந்தோம். ஒன்று உயிலங்குளத்தில் ஒரு பாடசாலை அறையில். ஒன்று முள்ளிக்குளத்துச் சனம், தங்கள் ஊருக்குள் போக விடப்படாமல், பக்கத்துக் காட்டில் கொட்டில் போட்டிருந்த இடத்தில். மற்றது தலைமன்னாரில், நானாவின் கடையில்.

இந்த மூன்றிலிருந்தும் கோப்புகளை மன்னாருக்குக் கொண்டுவருவதற்கு நான் ஒரு சேவையை எழுதியிருந்தேன். பின்னணியில் ஓடுவது. திரையில் அதற்கென்று ஒன்றும் தெரியாது. கணினியைப் போட்டதும் அதுவும் எழும்பிவிடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'அனுப்ப' என்ற போல்டரைத் திறந்து பார்க்கும். ஏதாவது கிடந்தால் எடுத்து மன்னாருக்கு அனுப்பும். வந்து சேர்ந்துவிட்டதா என்று மன்னார்க் கணினியைக் கேட்கும். சேர்ந்துவிட்டது என்று பதில் வந்தால் அனுப்பிய இடத்திலிருந்த கோப்பை அழித்துவிடும். அழிக்காமலும் இருக்க முடியாது. மூன்று கணினிகளும் யாரோ பாவித்துக் கழித்தவை, இரண்டு கிழமைக்கே இடம் நிறைந்துவிடும். செய்ததையெல்லாம் திகதி, மணி, நிமிடத்தோடு வரி வரியாக எழுதி வைக்கவும் செய்யும். அந்தக் குறிப்புக்கு லொக் என்று பெயர். காலையில் தேத்தண்ணியோடு நான் முதலில் வாசிப்பது அதைத்தான்.

நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தொண்ணூறில் அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் இருந்து, திரும்பி வந்து, வாப்பாவின் கடை இருந்த அதே இடத்தில் போட்டோக் கொப்பி, லமினேற்றிங், தொலைபேசிக் காட் என்று ஒரு சின்னக் கடை போட்டிருந்தார். எங்கள் கணினி ஒரு மூலையில். அவருக்குக் கணினி தெரியாது என்று தொடக்கத்தில் எனக்கு எரிச்சல். போகப் போக, மூன்று இடங்களிலும் கவனமாக வேலை செய்பவர் அவர்தான் என்று தெரிந்தது. பூஞ்சணம் பிடித்த படத்தைக்கூடப் பஞ்சால் துடைத்து, பிஸ்மி சொல்லித்தான் ஸ்கானரில் வைப்பார்.

அவருடைய கடைக்கு ஒரு நாள் ஒரு அக்கா கசற் ஒன்றைக் கொண்டு வந்தார். தொண்ணூறில் அந்த அக்கா கைக்குழந்தையோடு வள்ளமேறி இந்தியாவில் மண்டபம் முகாமுக்குப் போனவர். கணவர் கொண்டுபோய் விட்டுவிட்டு, வலையையும் இயந்திரத்தையும் பார்க்கவென்று தலைமன்னாருக்குத் திரும்பிவிட்டார். பிறகு ஒரு வள்ளக்காரர் கையில் அவர் பேசிப் பதிந்த கசற் வந்தது. வாற கிழமை நானும் வாறன் என்று அதில் சொல்லியிருந்தார். வரவில்லை. கரையில் வைத்துப் பிடித்தார்கள் என்றும் சொன்னார்கள், கடலில் என்றும் சொன்னார்கள். கண்ட ஒருவரும் இல்லை. அக்கா முகாமில் இரவல் ரேப் ரெக்கோடரில் அந்தக் கசற்றை ஒரு வருடம் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார். பிறகு தேய்ந்துபோய்விடுமோ என்று பயம் வந்து, ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் வைத்து மூடிவிட்டார். அப்போது மகளுக்கு ஒன்றரை வயது.

சண்டை ஓய்ந்தபின் அக்கா மட்டும் ஊருக்கு வந்தார். மகள் சின்னம்மாவோடு அங்கேயே இருந்து படித்து, இப்போது அங்கேயே கலியாணமும் சரிவந்திருந்தது. தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை. அது கழிந்து, உயிர்த்த ஞாயிறாகிய பாஸ்கா முடிந்த கிழமை என்று நாள் வைத்திருந்தார்கள். கோயிலுக்குப் புறப்படுமுன் பெண் வீட்டில் முழங்காலில் நின்று தாய் தகப்பனிடம் ஆசீர்வாதம் வாங்குவது வழக்கம். அந்தக் கசற்றின் கடைசியில் அந்த மனிதர் குழந்தையின் பெயரைச் சொல்லி, பிதா சுதன் போட்டு, ஆசீர்வாதம் கொடுத்திருக்கிறார். மகள் முழங்காலில் நிற்கும்போது அதைப் போட்டுக் கேட்கப்பண்ண வேண்டும் என்பதுதான் அக்காவின் எண்ணம். தகப்பன் குரலை மகள் அறிந்தே இல்லை.

நானா ஒரு முழுநாள் இருந்து அந்தக் கசற்றைக் கணினியில் ஏற்றினார். ஒரு பக்கம், இருபத்துமூன்று நிமிடம். பக்திப் பாட்டுக் கசற் ஒன்றின் மேல்தான் அந்த மனிதர் பேசிப் பதிந்திருந்தார். பேச்சு முடிந்ததும் பாட்டு நடுவரியில் தொடங்குமாம். பதிந்து முடித்து நானா பின்னுக்குச் சுற்றியபோது நாடா அறுந்து, மெசினுக்குள் சுருண்டு, தூளாகிப் போனது. "கடைசியா ஒருக்காப் பேசிட்டுப் போயிட்டார் தங்கச்சி," என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பரவாயில்லை நானா, அதுதான் எங்களிடம் பதிவு இருக்கிறதே என்றேன். போல்டரில் போட்டுவிடுங்கோ, இங்கே நான் இரைச்சலை எடுத்துச் சீடியில் அடித்துத் தருகிறேன், அக்கா அங்கே போகும்போது கையோடு கொண்டுபோகலாம் என்றும் சொன்னேன். எவ்வளவு இலேசாகச் சொன்னேன்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய கிழமை அது. இன்ரநெற் டொங்கிளில் போகிற லைன், கோப்போ பெரியது, மூன்று நான்கு மணித்தியாலம் பிடிக்கும். பின்னேரம்தான் அனுப்பத் தொடங்கியது. பத்து நிமிடம் ஆகவில்லை, கடைவீதியால் ஒரு பிரேதம் போனது. நோய்வாய்ப்பட்டுக் கிடந்த, வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியார். முன்னால் சிலுவை, பின்னால் பாண்ட் வாத்தியம், அதற்குப் பின்னால் சனம். பிரேதம் போகும்போது கடைக்காரர் கதவை அரைவாசி இழுத்துவிட்டு, வானொலியை நிற்பாட்டி, எழுந்து நிற்பார்கள். வேதக்காரர் கடை, சோனகர் கடை என்று இதில் வித்தியாசம் இல்லை. நானா அதில் இன்னும் ஒரு படி மேலே. கடையின் மெயின் சுவிச்சையே நிற்பாட்டிவிடுவார். கரண்ட் நின்றால் கணினிக்குக் கீழேயிருக்கும் பற்றரிப் பெட்டி கீய் கீய் என்று கத்தும். பிரேதம் போகிற நேரம் அப்படிக் கத்தினால் மரியாதை இல்லையே என்று அதன் பொத்தானையும் அமத்திப் பிடித்து நிற்பாட்டினார். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பப் போட்டார்.

அடுத்த நாள் காலையில் லொக்கைத் திறந்தேன். அந்தக் கோப்பு மன்னாருக்கு வந்து சேர்ந்ததாகவும் தலைமன்னாரில் அழிக்கப்பட்டதாகவும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: அளவு குறைவு, மிச்சத்தை அனுப்பு. அதற்குக் கீழே தலைமன்னாரின் பதில்: அப்படி ஒன்று இல்லை. பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் மிச்சத்தை அனுப்பு. அப்படி ஒன்று இல்லை. கடை பூட்டும்வரை இதே இரண்டு வரிகள். அதன்பிறகு விடியும்வரை கேள்வி மட்டும், பதில் இல்லை.

மன்னாரில் இருந்தது ஐம்பத்திரண்டு வினாடி. நான் காதில் மாட்டிக் கேட்டேன். முதலில் ஒரு செருமல். பிறகு யாரிடமோ, "இது ஓடுதோ?" என்று கேட்கிறார். தூரத்தில் ஒரு நாய். "இஞ்சேரும். நான் நல்ல சுகம். நீங்கள் ரெண்டு பேரும் எப்பிடி? இஞ்சை சரியான காத்து. ஓலையெல்லாம் பறந்து கிணத்துக்க விழுந்து கிடக்கு. நேற்றும் இறங்கி…" அதோடு அறுந்துவிடுகிறது. வாத்தி மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசுகிற இளம் குரல். கிணற்றுக்குள் இறங்கிய மனிதர் என்னைப் பொறுத்தமட்டில் இன்னும் ஏறவில்லை.

நானாவுக்கு எடுத்துப் பேசினேன். பேசினேன் என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல். கத்தினேன்.

"ஆரைக் கேட்டு நிப்பாட்டினீங்கள்?"

"பிரேதம் போனது தங்கச்சி. சந்தூக்குப் பெட்டி வாசலால போகேக்க மெசின் ஓடலாமோ?"

"உங்கட மரியாதையில அந்த ஆளின்ட குரலே போயிட்டுது."

"என்ட பிழைதான்," என்றார். நான் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் எனக்கு ஒரு யோசனை வந்தது. இடையில் கரண்ட் நின்றால் கோப்பு பாதியில் நிற்கும், சரி. ஆனால் ஏன் அழிந்தது? கந்தோரில் இருந்த பழைய கணினி ஒன்றில் அதே சேவையைப் போட்டு, பெரிய கோப்பு ஒன்றை அனுப்பவிட்டு, பாதியில் வயரைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டேன். சேவை எழும்பியது. மன்னாரைக் கேட்டது: இந்தப் பெயரில் ஒன்று உன்னிடம் இருக்கிறதா? மன்னார் ஓம் என்றது. உடனே, என் கண்ணுக்கு முன்னாலேயே, அனுப்பிய கணினியிலிருந்த முழுக் கோப்பும் அழிந்தது.

அளவு சரியா என்று பார்க்கும் வேலையை நான் அதற்கடுத்த கட்டத்தில் வைத்திருந்தேன். அதாவது அழித்த பிறகு. எழுதும்போது யோசிக்கவில்லை. பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன், பெயருக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லவில்லை. எத்தனையோ கந்தோர்களில் அந்த மனிதருடைய பெயரை எழுதிக்கொண்டு அக்காவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நானும் அதையேதான் செய்திருந்தேன், இன்னும் கெட்டித்தனமாக. நானா நிற்பாட்டியது பெரிய விஷயமே இல்லை. பாதியில் நின்றதைத் திரும்ப அனுப்பியிருக்கலாம். அழித்தது என் கை.

இதை அப்போதே நானாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம், பிறகு பயம், பிறகு பழக்கம். சேவையைத் திருத்தினேன், அளவு பார்த்தபின் அழிக்கும்படி வரிகளை மாற்றி வைத்தேன். உயிலங்குளத்துக்கும் முள்ளிக்குளத்துச் சனத்தின் கொட்டிலுக்கும் நானே போய்த் திருத்திய சேவையைப் போட்டேன். தலைமன்னாரிலும் போட்டேன். சேர்விஸ் செய்கிறேன் என்று சொல்லி நானாவின் கணினிக்குள் கோப்புகள் எழுதப்படும் தட்டைக் கழற்றி வவுனியாவில் ஒருவரிடம் கொண்டுபோனேன். அழிந்ததை மீட்கத் தெரிந்தவர். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் அடையாள அட்டைப் பிரதிகளும் ஒரு ஞானஸ்நானப் படமும் எழுதப்பட்டுவிட்டன என்றார். நானா அதற்குள் வழமைபோல் வேலை செய்திருக்கிறார். வேலை செய்ததற்கு அவரை ஏசவும் முடியாது.

மன்னார்க் கணினி மட்டும் விடவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மிச்சத்தை அனுப்பு. அப்படி ஒன்று இல்லை. அந்தக் கேள்வியை நிறுத்த ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும், எனக்கு அரை நிமிட வேலை. எடுக்கவில்லை. அது தேடிக்கொண்டிருக்கும்வரைக்கும் நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே ஒரு கதை சொல்லி வைத்திருந்தேன்.

சொன்னேன்தான் பொய். நானாவிடமும், மெசின் தேடுகிறது, மிச்சம் வரலாம் என்று சொல்லியிருந்தேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தலைமன்னாரில் சிலுவைப்பாதை முடிந்ததும் அக்கா நேரே நானாவின் கடைக்கு வந்து எனக்குத் தொலைபேசி எடுப்பார்.

"பிள்ளை, வந்துட்டுதோ?"

"இன்னும் இல்லை அக்கா. லைன் சரியில்லை."

"வரும்தானே?"

"வரும்."

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா என்னை ஆறுதல்படுத்தினார். "எனக்கு அவசரம் இல்லை பிள்ளை. நான் காத்திருந்து பழகினனான்," என்றார். போனை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் வெயிலில் நின்றேன். வேலிக்கு வெளியே கழுதைகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று செருமியது. கழுதைதான் என்று தெரியும், கண்ணால் காண்கிறேன், ஆனாலும் அடுத்ததாக 'இது ஓடுதோ' என்று கேட்கப்போகிறது என்று நின்றேன்.

பட்டப்பகலில்தான் எல்லாம் நடந்தது. கணினியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு, தட்டு வேலை செய்யும்போது மினுங்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது மினுங்கினால், அந்தக் கேள்வி போகிறது என்று எனக்குத் தெரியும். மேசையை மறுபக்கம் திருப்பிப் போட்டேன், விளக்கு கண்ணில் படாமல். அது இன்னும் கெடுதலாகப் போயிற்று. முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவது போலிருந்தது. நேரத்தைப் பார்க்காமலே சரியாகப் பதினைந்தாம் நிமிடம் எனக்குக் கழுத்துக் கூசும். யார் பயமுறுத்தினார்கள் என்று நான் சொல்வது? நான் எழுதியது, எனக்கு விளங்குகிற ஒவ்வொரு வரியாக நான் எழுதியது.

நானாவும் கேட்பார், குரலைத் தாழ்த்தி: "அந்தப் பொடியன்ட மிச்சம் வந்ததோ தங்கச்சி?" செத்தோ இருந்தோ, அந்த மனிதருக்கு இப்போது நானாவின் வயதுக்குக் கிட்ட வந்திருக்கும். ஆனால் நானா முழுக் கசற்றையும் கேட்டவர். அவருக்கு அது பொடியனின் குரல்தான். உலகத்தில் அந்தக் குரலை முழுதாகக் கேட்டவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் தன்னால்தான் அது போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். நினைக்க விட்டிருந்தேன்.

பெரிய கிழமை வந்தது. பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வீட்டில் விடமாட்டார்கள். வரிசையில் நின்று, அப்பாவோடு வாய்காட்டியதையும் பூசைக்குப் போகாத ஞாயிறுகளையும் ஒழுங்காகச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றையும் சொல்லிவிட்டு, வெளியே வந்து, செருப்பைப் போடும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. பஸ் தரிப்பிடம் எதிரேதான். அப்படியே தலைமன்னார் பஸ்ஸில் ஏறினேன். ஏறியபின்தான் நானாவுக்கு எடுத்து, அக்காவைக் கடைக்கு வரச் சொல்லுங்கோ என்றேன்.

நான் போனபோது அக்கா ஏற்கெனவே வந்து கதிரையில் இருந்தார். மடியில் ஒரு பை. சீடியை வைத்துக் கொண்டுபோகத் துணியில் சின்னதாக ஒரு உறை தைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அக்கா, அது வராது," என்றேன்.

"லைன் இன்னும் சரிவரேல்லையோ?" என்று நானாதான் கேட்டார்.

"லைன் நல்லா இருக்கு. பைல் இல்லை. இஞ்சையும் இல்லை, அங்கையும் இல்லை. தொடக்கத்தில ஒரு நிமிசம் மட்டும் இருக்கு."

"சுவிச்சை நிப்பாட்டினது நான்தான்," என்றார் நானா, அக்காவைப் பார்த்து. அக்காவிடம் அவர் அதை முன்னமே சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இல்லை நானா. நீங்கள் நிப்பாட்டினதால பாதியில நிண்டது. அவ்வளவுதான். அழிச்சது நான் எழுதின புரோகிராம். பிழை என்ட. எனக்கு மூண்டாம் நாளே தெரியும்."

நானா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மூண்டாம் நாளே," என்றார். "நான் ஒவ்வொரு தொழுகையிலயும் அந்த மனுசனிட்ட மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தன் தங்கச்சி." பிறகு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் வருடக்கணக்காக நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். மரியாதையாகப் பேசுவார். தங்கச்சி என்று மட்டும் பிறகு கூப்பிடவில்லை, மிஸ் என்றார்.

அக்கா துணி உறையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வரும் வரும் எண்டு சொன்னது?"

"பொய் அக்கா."

"ஏன்?"

"இல்லை எண்டு சொல்லப் பயமாயிருந்தது."

அக்கா மடித்த உறையைப் பைக்குள் வைத்தார். "நீர் என்ட மகளாயிருந்தா இப்ப அடிச்சிருப்பன்," என்றார். அதுவரை என்னை நீங்கள் என்று பேசிய மனிசி. "இருவத்திரண்டு வருசம். அங்காலயும் இஞ்சாலயும் எத்தினை கந்தோர், எத்தினை கதிரைக்கு முன்னால நிண்டிட்டன். பாக்கிறம், விசாரிக்கிறம், வருவார். ஒருத்தரும் எனக்கு இல்லை எண்டு சொல்லேல்ல. இண்டைக்குத்தான் ஒராள் சொல்லிக் கேட்கிறன்."

நான் அழுதேன். அக்கா அழவில்லை.

"அந்த மெசின் இப்ப என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"இன்னும் கேட்டுக்கொண்டிருக்கு. மிச்சத்தை அனுப்பு எண்டு. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா."

"இண்டைக்குமோ?"

"இண்டைக்கும்."

"நிப்பாட்டும் பிள்ளை. பாவம்."

நானாவின் கணினியிலிருந்தே மன்னார்க் கணினிக்குள் போய், அக்கா பார்த்துக்கொண்டிருக்க, அந்த வரியை எடுத்தேன். அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. "முடிஞ்சுதோ?" என்றார். முடிந்தது என்றேன்.

பிறகு, "எண்டைக்கு அழிஞ்சது?" என்று கேட்டார். லொக்கைத் திறந்து திகதியைச் சொன்னேன். "நேரமும் இருக்கோ?" இருந்தது, வினாடிவரைக்கும். அக்கா மேசையிலிருந்த பேனையை எடுத்து, தன் பையிலிருந்த கசற் அட்டையின் மறுபக்கத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நான் இல்லை. ஐம்பத்திரண்டு வினாடியைச் சீடியில் அடித்துத் தரட்டோ என்றேன். வேண்டாம் என்றார். ஆசீர்வாதம் தனக்கு மனப்பாடம் என்றும், அந்த மனிதர் நிறுத்திய இடத்தில் நிறுத்தித் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். கலியாணத்தில் அப்படித்தான் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம், விபூதிப் புதனுக்கு முன், அக்கா கந்தோருக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே ஒரு கடித உறையைக் கொடுத்தார். "ஆண்டுப் பூசை வைக்கிறன். விரும்பினா வாரும்," என்றார். இறந்தவர்களுக்கு வருடாவருடம் திருப்பலி ஒப்புக்கொடுக்க எங்களுக்கு ஒரு திகதி வேண்டும். காணாமல் போனவர்களுக்கு அது கிடையாது. திகதி இல்லாதபடியால் அந்த அக்கா இருபத்திரண்டு வருடமாகக் கணவரின் பெயரை ஒரு பூசையிலும் வாசிப்பிக்கவில்லை.

உறைக்குள் நினைவு அட்டை. நடுவில் படம், அரும்பு மீசையோடு, சேட்டின் மேல்பொத்தானும் பூட்டி, இருபத்தெட்டு வயது. கீழே பிறந்த திகதி. அதற்குப் பக்கத்தில் இறந்த திகதி என்று என் லொக்கில் இருந்த நாள், மாதம், வருடம். நான் வாசலிலேயே நின்று விரலை மடித்துக் கணக்குப் பார்த்தேன். அட்டையின்படி அவர் ஐம்பது வயதில் இறந்திருக்கிறார். மகளின் கலியாணத்துக்கு இரண்டு மாதம் முன்புவரைக்கும் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.